பச்சை மணிக்குள் கறுப்புப் புள்ளி

மார்ச் 3, திங்கள்
இன்றைக்கும் மருமகள் சாப்பிடாமலே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். பின்னாலேயே நானும். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. அவள் கல்லை உலையில் உருக்குகிறவள். உருகி ஆறின கல்லை இடித்துக் கொடுத்தால், பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து ஊசியால் மணி பொறுக்குகிறவள் நான். இருபத்தாறு வருஷமாக.

மார்ச் 4
கணக்கு தப்பிவிட்டதாம்.

கல்குழம்பு ஆறும்போது முதலில் பச்சை மணி விளையும். மிச்சக் குழம்பு கறுப்புக் கண்ணாடியாக உறையும். கல்லில் நிக்கலும் பேரியமும் துளியூண்டுதான். நிக்கல் ஓடிப்போய்ப் பச்சை மணிக்குள் உட்கார்ந்துகொள்ளும். பேரியத்தைப் பச்சை மணி உள்ளே சேர்க்காது, அது குழம்போடு வெளியே நிற்கும். எது எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பதுதான் அவளுடைய ஐந்து வருஷப் படிப்பு. இப்போது பச்சை மணியிலேயே பேரியம். இருபத்தெட்டாம் தேதிக்குள் சரியான எண் கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது.

பேராசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, பச்சையோட கறுப்பையும் சேர்த்துப் பொறுக்கிட்டீங்களா? வயசாச்சில்ல."

வயசாச்சாம். அவர் இங்கே சேர்ந்த அன்றைக்குப் போட்டிருந்த சட்டையில் எத்தனையாவது பொத்தான் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு கறுப்புத் துணுக்குகூட நான் சேர்க்கவில்லை.

மார்ச் 6
சேர்க்கவில்லை என்று எழுதினேன். நிஜம்தான். முழு நிஜமா?

மார்ச் 9
எழுதிவிடுகிறேன். கறுப்பு, மணிக்கு உள்ளேயே இருந்தது. நவம்பரிலேயே பார்த்தேன். மணி அவசரமாக வளர்ந்தால் குழம்பில் ஒரு சொட்டைப் பேரியத்தோடு சேர்த்து விழுங்கிவிடும். மேலே பார்த்தால் சுத்தப் பச்சை. கீழேயிருந்து வெளிச்சம் விட்டால் ஊசிமுனை அளவு புள்ளி. அதை ஒதுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

அதற்கு முந்தின வாரம்தான் வேறு ஏதோ சொல்லப் போனேன். "அத்தை, பொறுக்கறது மட்டும் உங்க வேலை. யோசிக்கறதை எங்ககிட்ட விடுங்க" என்றாள். கூடப் படிக்கிற இரண்டு பேர் சிரித்தார்கள். சரிடி அம்மா, யோசிக்கல — எட்டுத் தடவை உருக்கினதுக்கு எட்டுப் புட்டி, அத்தனையையும் புள்ளியோடு நிரப்பிக் கொடுத்தேன்.

நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 10
சொல்லப் போய், அவள் மேசைக்கு நாலடி முன்னாலேயே திரும்பிவிட்டேன்.

மார்ச் 12
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். பேத்தி வந்து, "பாட்டி, அம்மாவுக்கு என்ன?" என்கிறாள். என்னத்தைச் சொல்ல? உன் பாட்டிதான் என்றா?

மார்ச் 13
சொல்லிவிட்டேன். அவள் மேசைக்குப் போய், நின்றபடியே.

"அப்பவே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"வேணும்னேதான் சொல்லலையா?"

"ஆமா."

கத்தியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். இடித்த கல்லில் மிச்சம் இருந்த எட்டுத் தட்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 19
நூறு மணிக்குப் புள்ளியில்லாதது மூன்று, மிஞ்சினால் நாலு. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. துடைத்தால் ஊசி நழுவுகிறது. ஐந்தாம் தட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. எங்கே போய்த் தேடுவேன்? இல்லாததை எங்கேயிருந்து கொண்டுவருவேன்?

மார்ச் 24
ஆறு புட்டிதான் தேறியது. கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். இப்போதெல்லாம் அத்தை என்று கூப்பிடுவதில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மார்ச் 29
புதிதாகப் பொறுக்கின மணியில் பேரியம் இருக்கிற இடமே தெரியவில்லையாம். ஆறு புட்டிக் கணக்கே போதும் என்று பேராசிரியர் ஒத்துக்கொண்டாராம். நேற்றே கொடுத்தாயிற்றாம். எல்லாம் மகன் சொல்லித்தான் தெரியும். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் நாலு மாசம் சொல்லவில்லையே.