ஆறு நிமிஷம் பிந்திய தெரு

பெப்ரவரி 9, வியாழன். நோன்பு 8.

மழை மூட்டம். ஐந்து நாளாக வெயில் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

வன்செயலில் லைன் அறுந்த பிறகு எங்கள் கடற்கரைத் தெருவுக்குத் தனிக் கரண்ட். பாடசாலைக் கூரையில் சூரியத் தகடுகள், கரையில் காற்றாடி, ஓர் அறை நிறையப் பெற்றரி. போதாததற்கு டீசல் மோட்டர். நான்கையும் ஒரே கம்பியில் சேர்க்கத் திட்டம் வரைந்தவன் நான். நடத்துவது பள்ளிவாசல் தலைவரின் மச்சான் ஜுனைதீன்.

மோட்டரின் வேக ஆணியைப் பார்த்துத் திருத்த மாலையில் ஓர் ஆள், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரத்துக்கு ஓர் ஆள் கேட்டேன். பள்ளிச் சபையில் சிரித்தார்கள். "ஒரு ஆணியத் திருகுறதுக்கு ரெண்டு பேரா, காக்கா?" இரண்டு வருடமாகிறது. சிரித்தவர்களின் முகங்கள் வரிசையாக ஞாபகம்.

இன்று, நோன்பு தொடங்கும் ஸுப்ஹு பாங்கு என் கைக்கடிகாரத்துக்கு ஆறு நிமிஷம் பிந்தியது. நேற்றும். முந்தநாளும்.

ஈச்சம்பழம் வாங்க மறந்தேன்.

பெப். 10, வெள்ளி. நோன்பு 9.

தூறல். காற்றாடி அசையவில்லை.

ஜும்ஆவில் பள்ளி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் ஆறு நிமிஷம் பின்னால். மோதினாரிடம் கேட்டேன்.

"அது வயசு போன மணிக்கூடு, தம்பி. பின்னேரம் அசருக்கு ரேடியோவக் கேட்டுத் திருப்பிவிடுறன். விடியப் பாத்தா பின்னால நிக்கிது. என்னப் போல."

வயசு அல்ல. அதற்குள் பெற்றரி இல்லை, கரண்டில் ஓடுவது. செக்கனுக்கு ஐம்பது அலை. அந்த அலையை எண்ணித்தான் முள் நடக்கும். வெயில் நாளில் பெற்றரி விடியும்வரை தாங்கும்; அதன் அலை பிசகாது. மழை தொடங்கியதிலிருந்து பொழுது சாயும் மஃரிப் தொட்டு விடியும்வரை மோட்டர். பாரம் ஏற ஏற மோட்டர் இளைக்கும், அலை குறையும், முள் பின்தங்கும்.

மணிக்கூட்டின் கீழே பித்தளைத் தகடு. அதில் என் வாப்பாவின் பெயர். பழைய லைன் இருந்த காலத்தில் அவர் பேரில் நான் கொடுத்த மணிக்கூடு.

அசருக்குப் பின் மோட்டர் அறைக்குப் போனேன். ஜுனைதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்க இஞ்சினியர் காக்கா. மோட்டர் பாட்டுப் படிக்கிது, நீங்க ஏன் முகத்தச் சுருக்குறீங்க?"

"வேகம் குறையுது."

"லைட் எரியுதா, இல்லியா?"

"எரியுது."

"அப்ப?"

மணிக்கூட்டைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். கெடட்டும் என்று நினைத்தேன். எழுதியபின் பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

பெப். 11, சனி. நோன்பு 10.

ஸஹருக்கு முன், கரண்டின் அலையை அளக்கும் என் பழைய அலைமானியைச் செருகினேன். மெல்லிய தகடுகள் வரிசையாக, வயல் நாற்றுப் போல. எந்த அலை ஓடுகிறதோ அந்தத் தகடு மட்டும் நடுங்கும். ஐம்பதின் தகடு அசையாமல் நின்றது. பக்கத்திலிருந்த நாற்பத்தொன்பதரை நடுங்கிக் கலங்கியது, தண்ணீருக்குள் தெரிவதுபோல. ஜன்னலால் பார்த்தேன். வீடு வீடாக லைட். ஒவ்வொரு லைட்டுக்கும் நடுக்கம் இன்னும் கொஞ்சம் கீழே. தெரு விழிக்க விழிக்க நேரம் மெதுவாகிறது. நாட்டுக்கு விடிந்துவிட்டது, எங்கள் தெரு மட்டும் ஆறு நிமிஷம் பிந்தி, கட்டவிழ்ந்த தோணி மாதிரி இருட்டில் மிதக்கிறது. அழகாகத்தான் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பின்னால் என் மனைவி ஸுலைஹா. பிரஷர் குளிசை, ஒரு கோப்பைத் தண்ணீர். எப்போதும் பாங்குக்குச் சற்று முன்தான் குடிப்பாள். என் கைக்கடிகாரத்தில் நேரம் கடந்து நாலு நிமிஷம்; இனி ஒரு மிடறும் நோன்பை முறிக்கும். போன வருஷம் வருத்தம் வந்து படுத்துப் பாதி நோன்பு விட்டவள். "இந்த முறை முப்பதும் புடிக்கணும்" என்று முதல் பிறையிலேயே சொன்னாள்.

குடித்தாள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பகல் லுஹருக்குப் பின், மணிக்கூடு பிந்துவதைச் சொல்லிவிட்டேன். கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"எத்தின நாளாத் தெரியும்?"

"அஞ்சு நாளா."

"நான் தண்ணி குடிக்கக்குள்ள பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

கைக்கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அவங்க சிரிச்சதுக்கு என்ட நோன்பா?"

பிறகு அரிசியைத்தான் பார்த்தாள்.

பெப். 12, ஞாயிறு. நோன்பு 11.

ஸஹரில் அவள் என் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். தெரு முழுவதும் பழையபடி பிந்திக் குடித்தது.

வெயில் இல்லை. கடல் சாம்பல். கடிதம் எழுதினேன், பள்ளிச் சபைக்கு:

மஃரிபுக்கும் ஸஹருக்கும் மோட்டரின் ஆணியைக் கால் சுற்று ஏற்றவும். லைட்டுகள் அணைந்தபின் இறக்கவும். அதுவரை பெற்றரி மணிக்கூட்டைப் பார்த்துப் பாங்கு சொல்லவும். மழை தொடங்கிய நாள் முதல் பிந்திக் குடித்தவர்களின் நோன்பு பற்றி மௌலவியைக் கேட்கவும். சுவரில் உள்ளதைக் கழற்றிவிடவும்.

கடைசி வரியை மூன்று தரம் வெட்டி மூன்று தரம் எழுதினேன். அதைக் கழற்றினால் வாப்பாவின் பெயரும் இறங்கும்.

ஸுலைஹா வாசித்தாள். "பேர் போடலியே?"

"போட்டா பொறாமைல எழுதினான்னு சொல்வாங்க."

"தபாலுக்கு நாளைக்கித்தானே? இண்டைக்குப் போய்ச் சொல்லுங்க. இல்லாட்டி நான் வீடு வீடாச் சொல்றன்."

"நீ சொல்லு."

முக்காட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். அவளுக்குப் பயமில்லை.

என் எழுத்து ஜுனைதீனுக்குத் தெரியும். அவள் இப்போது யார் வீட்டு வாசலில் நிற்கிறாள் என்பதும் பின்னேரத்துக்குள் தெருவுக்கே தெரியும். ஆனாலும் பெயர் போடமாட்டேன். உறையை ஒட்டிவிட்டேன். நாளைக் காலைத் தபால் பையில் போகும்.