தெரு எடுத்துக் கொடுத்த அடி

ரங்கோன் பட்டணத்துத் தமிழ்ச் சபைக்கு வாத்தியாராயும் எனக்குப் பெருமையாயும் இருக்கிற மகன் தாவீதுக்கு, உன்னை வளர்த்த சித்தப்பா கிருபாகரன் ஆரணியிலிருந்து ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தாயாரும் தறியும் பசுவும் சௌக்கியம், என் தொண்டை ஒன்றுதான் சௌக்கியமில்லை. நீயும் அந்த ஊர் மழையில் நனையாமல் சுகமாயிருக்க வேண்டும்.

போன கடிதத்தில் இரண்டு காரியம் கேட்டிருந்தாய். துரை ஆர்மோனியத்தை என்ன மிதி மிதித்தாலும் அங்கே ஜனங்கள் வாய் திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று ஒன்று. அம்மா ஜெபவீட்டுக்குப் போகிறாளா என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான், அதற்கும் காரணம் நான்தான். உன்னைக் கப்பலேற்றக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட அன்று, “எம் புள்ளய சமுத்தரத்துக்கு அந்தாண்ட தள்ளின சாமியண்ட எனக்கு இன்னா பேச்சு” என்று சொல்லிவிட்டு உன் அம்மா, அதாவது என் அண்ணி, வீட்டுக்குள் போனதை நீ அறிவாய். அதன் பிறகு ஜெபமும் இல்லை, பாட்டும் இல்லை. பட்டு நூல் சுற்றும்போது ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை, இத்தனைக்கும் ஆரணியிலேயே நல்ல சாரீரம் அவருக்குத்தான், எனக்கு அடுத்தபடி. சபை ஐயர் வந்து பேசிப் பார்த்தார். நானும் நூறு வேதவாக்கியம் சொல்லிப் பார்த்தேன், அதில் பத்து வாக்கியமாவது வேதத்தில் இருக்கும். “போய் உங்க தறிய பாருங்க தம்பி” என்று அனுப்பிவிட்டார்.

அப்படியிருக்க, போன சனிக்கிழமை சாயங்காலம் நம் பாட்டுக் கோஷ்டி நெசவுக்காரத் தெருவில் இறங்கியது. முந்தின நாள் போளூர்ச் சந்தையில் நான் பாடியது ஜவ்வாது மலையில் மாடு மேய்த்தவனுக்குக்கூடக் கேட்டதாம், அதனால் தொண்டை கட்டியிருந்தது. வேறொருவன் என்றால் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான், நான் தாளத்தைக் கையில் எடுத்தேன். மிருதங்கம் சடையன். அவன் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை, ஆனால் ஆமென் சொல்கிற இடத்தை அவனைப்போலத் தட்டிக் காட்ட யாராலும் ஆகாது. தறியில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஓடுகிற நாடாவை வைத்து நீ கட்டிய பாட்டைத்தான் எடுத்தேன், “ஓடும் நாடா நான் ஐயா, ஓட்டும் கரம் நீ ஐயா” என்று. தவளைச் சத்தம் வந்தது. நம் ஜனமோ முன்பாடுகிறவன் வாயைப் பார்த்து அப்படியே திருப்புகிற ஜனம், ஆகவே ஆணும் பெண்ணும் தவளையாகவே பாடினார்கள். நான் இரண்டு முறை இருமினேன், கோஷ்டியும் இரண்டு முறை இருமியது, சடையன் அதற்கும் ஒரு தட்டுப் போட்டான். அவ்வளவு பழக்கம் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டு ரங்கசாமி தறியில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இன்னாய்யா கிருபாகரா, உங்க சாமிக்கு ஜலதோசமா? கசாயம் கொண்டாரட்டுமா?” என்றான். தெருவே சிரித்துக்கொண்டு வெளியே வந்தது, ஆயிரம் பேருக்குக் குறையாது. ரங்கசாமியைக் கேட்டால் நாற்பது என்பான், அவனுக்கு எப்போதுமே என்மேல் பொறாமை. கூடின கூட்டத்தை விடுவேனா, சரணத்துக்குத் தாவினேன். அந்த நேரம் பார்த்துச் சரணம் மறந்துபோயிற்று. உடனே, “ஆரணிக் கிருபாகரன் அன்பாய்ப் பாடும் கீதம்” என்று சொந்தமாக ஒன்று சேர்த்தேன், அதையும் ஜனம் பக்தியாய்ப் பாடியது. அப்போதுதான் உன் வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. விரலில் பட்டு நூல் சுற்றியபடியே அண்ணி நின்று, “நிறுத்துங்க தம்பி! எம் புள்ள கட்டின பாட்ட இப்டி கொல பண்றீங்களே!” என்றார். பழக்கதோஷம், கோஷ்டி முழுவதும் “நிறுத்துங்க தம்பி, எம் புள்ள கட்டின பாட்ட” என்று ராகத்தோடு பாடி முடித்துவிட்டது. சண்டைக்கு வந்தவர் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தார். நீ போன பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. பிறகு என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு அவரே பல்லவியை எடுத்தார். மிச்சமிருந்த தறிச் சத்தமும் ஒவ்வொன்றாக நின்றது. சரணத்தில் “அந்தக் கை விட்ட நாடா” என்றவர், அதற்கு மேல் வராமல் நின்றுவிட்டார். முன்பாடுகிறவர் சொல்லாமல் நம் ஜனம் ஒரு எழுத்துப் பாடியது உண்டா? எல்லாரும் அவர் வாயையே பார்த்து நிற்க, ஜன்னலிலிருந்து ரங்கசாமி, நீ பக்கத்துத் தறியில் பாடப் பாடக் கேட்டுக்கொண்டிருந்தவன், “இந்தக் கை சேராதோ” என்று எடுத்துக் கொடுத்தான். சடையன் பிடித்துக்கொண்டான், பிறகு தெருவே “இரண்டும் உன் கை அல்லவோ ஐயா” என்று முடித்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, தெரு சொன்னதைத் திருப்பிப் பாடினார். நான் அழவில்லை, தொண்டை கட்டினால் கண்ணில் நீர் வரும், எந்த வைத்தியரையும் கேள்.

மறுநாள் ஜெபவீட்டுக்கு வந்தார். ஐயர் ஓடிவந்து வரவேற்க, “ரொம்ப சந்தோசப்படாதீங்க, இந்தத் தம்பி பாட்ட கெடுக்காம பாத்துக்க வந்தேன்” என்றார். ஆனால் ஜெபத்துக்கு முழங்காலிட்டவர், எல்லாரும் எழுந்த பிறகும் எழவில்லை. இப்போது முன்பாடுவது அவர்தான், என்னைத் தாளத்துக்கு உயர்த்தியிருக்கிறார்கள். ரங்கசாமி அடுத்த சனிக்கிழமைக்கு இப்போதே ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறான். அவனுக்கு ஒரு நல்ல பிரசங்கம் தயார் செய்தேன், அண்ணி தடுத்துவிட்டார். “பாட்டு உள்ள போய்கினு இருக்கு, நீங்க நடுவுல பூந்து பேஜார் பண்ணாதீங்க” என்கிறார். ஆகையால் நீயும் அங்கே ஆர்மோனியத்தைச் சற்று மூடச் சொல்லி, ஒரு அடியைப் பாதியில் நிறுத்திப் பார், யாராவது எடுப்பார்கள். எடுக்காவிட்டால் இருமு. தாவீது ராஜா சுரமண்டலம் மீட்டித்தானே எரிகோ மதிலை விழப்பண்ணினார்! இதை உங்கள் ஐயரிடம் கேட்காதே, வேறு யார் பெயரையாவது சொல்லுவார்.

வெந்நீர் குடி, ஈரத் தலையோடு தூங்காதே, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காமல் இதையும் எழுதச் சொன்னார் அண்ணி. உன் பாட்டில் நாடா போகிறது, வந்து சேர்ந்ததற்குச் சரணம் இல்லையாம். “கடுதாசியில போட வேணாம், அவனே வந்து பாடட்டும், நான் திருப்பிப் பாடறேன்” என்கிறார்.

இப்படிக்கு, உன்மேல் உயிராயிருக்கிற சித்தப்பா,
ஆரணி பாட்டுக் கோஷ்டித் தலைவர் (தற்சமயம் தாளம்),
கிருபாகரன்