காத்து நிற்கும் எதிரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன்னைப் பற்றிய புகார்தான் குறையவில்லை. போனில் எதைக் கேட்டாலும் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய புது வீடியோ கேமும், நான் சத்தம் சேர்க்க வேண்டிய சண்டைக் காட்சிகள் நாற்பதும் வந்து சேர்ந்தன. வழக்கம்போலத் துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, முட்டைக்கோஸை ஈரத்துண்டில் சுற்றிக் கட்டையால் அடித்துப் பதிவு செய்தேன். நல்ல சத்தம். ஆனால் காட்சியில் அதை வைக்க இடமில்லை. போன வருடம் வரை நீ செய்த சண்டைகளில், கத்தி எதிரியின் மேல் படும் கணத்தில் படம் மூன்று ஃபிரேம், கண் இமைக்கும் நேரம்கூட இல்லை, நின்று நகரும். அந்த இடைவெளியில்தான் என் சத்தம் உட்காரும். இப்போது கத்தி தண்ணீருக்குள் போவதுபோல உடம்புக்குள் புகுந்து வெளியே வருகிறது. வெட்டுப்பட்டவன் பின்வாங்குவதில்லை, முகம் சுளிப்பதுகூட இல்லை. மிச்ச உயிரைக் காட்டத் தலைக்கு மேலே உள்ள சிவப்புக் கோடு மட்டும் குறைகிறது. உன்னைக் கேட்டதற்கு, "இப்ப இதான்க்கா ஸ்டைல்" என்றாய். நான் நம்பவில்லை.

முதலில், வேலையை யாரிடமோ தள்ளிவிட்டு நீ பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறாய் என்று நினைத்தேன். பிறகு, உன்னை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார்களோ என்று பயம் வந்தது. உன் அலுவலகத்தில் கேமைச் சோதிக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். "நீங்க வேறக்கா, அவர் கன்ட்ரோலரை எங்க யார்கிட்டயும் குடுக்கிறதே இல்ல. தானே ஆடிப் பாக்குறார், வேகம் அதிகம்னு தானே இன்னும் குறைக்கிறார். அடிச்சா அடிச்ச மாதிரியே இல்லன்னு சொன்னா காதுலயே வாங்கறதில்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் அத்தானை விளையாடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். "உன் தம்பி செஞ்ச எதிரி ரொம்ப மரியாதைக்காரன். நான் வெட்டி முடிக்கிற வரைக்கும் கையக் கட்டிட்டு நிக்கிறான். இவனை வெட்ட எனக்கே கூச்சமா இருக்கு" என்றார். நானும் சிரித்தேன். சமையலறைக்குப் போன பிறகுதான் சிரிப்பு நின்றது.

பழைய காட்சியையும் புதியதையும் அருகருகே வைத்து எண்ணினேன். எதிரி கையை ஓங்கியதிலிருந்து அடி விழும் வரை அப்போது இருபது ஃபிரேம், இப்போது நாற்பத்தைந்து. தடுக்கும் பொத்தானைத் தேடிப் பிடிக்க யாருக்கு அவ்வளவு நேரம் வேண்டும்? அடிபட்டவன் ஏன் நகர்வதில்லை? நகர்ந்தால் அடுத்த அடி தவறிவிடும் என்பதாலா? அந்த மூன்று ஃபிரேமை ஏன் எடுத்தாய்? அதற்குள் கட்டைவிரல் தானாகவே இன்னொரு முறை அழுத்திவிடுகிறதா? இந்தச் சண்டையை நீ ஒரே ஒரு கைக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறாய்.

போன வாரம் வீடியோவில் பேசும்போது கோப்பையை இடது கையால் எடுத்தாய். வலது கை கடைசிவரை மேசைக்குக் கீழேயே இருந்தது. அப்பாவும் வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நடந்தார். மைனர் நடை என்று நாம் இரண்டு பேரும் கேலி செய்தோம். நடுக்கத்தை மறைக்கத்தான் அப்படி நடந்தார் என்று புரிய நமக்கு இரண்டு வருடம் ஆயிற்று. இவ்வளவு தாமதமாகவா கூட்டி வருவீர்கள் என்று டாக்டர் நம்மைப் பார்த்த பார்வையை நீ மறந்திருக்க மாட்டாய்.

என் சந்தேகம் தப்பாக இருக்கலாம். இருந்தால், உனக்கு வேறு வேலையே இல்லையா என்று என்னைத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போவதானால் சொல், வருகிறேன். வெளியே உட்காரச் சொன்னால் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய். இதற்குப் போனிலோ கணினியிலோ பதில் வேண்டாம். ஒரு தாளில் பேனாவால் இரண்டு வரி எழுதி அனுப்பு. வலது கையால். எழுத்து எப்படி இருந்தாலும் நான் படித்துவிடுவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா