கெட்டியாக்கிய வண்டி

அன்பு மகளுக்கு,

நம் பழைய அம்பாசிடரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்த பிறகு, அதன் பின்சீட்டில்தான் படுத்தபடி வேலூர் ஆஸ்பத்திரிக்கு வர முடிகிறது. ஆனால் முன்பக்க சஸ்பென்ஷன் மவுன்ட் விரிசல் விட்டு, வண்டி அவளைப் போட்டு ஆட்டியது. மெக்கானிக் வேடியப்பன் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கெட்டியாக்கினார்.

"இனிமே ஆடாது சார். ஆனா மேடு பள்ளம் ஜாஸ்தியா தெரியும். அம்மா தாங்குவாங்களா?" என்றார். ஆட்டம் நின்றால் போதும் என்றேன்.

இன்று கிளம்பினோம். வேங்கிக்கால் வேகத்தடையில் ஸ்டியரிங் என் கையை உதறியது. வழக்கமாக அந்த இடத்தில் அம்மா கால்வலி தாங்காமல் அலறுவாள். இன்று சத்தமே இல்லை.

"வேடியப்பன் நல்லா பண்ணியிருக்காருங்க. காலு துளிகூட வலிக்கல" என்றாள்.

மனசு குளிர்ந்து திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வலது கால் சீட்டிலிருந்து விழுந்து, முன்சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. வண்டியை ஓரம் நிறுத்தி, போர்வையைச் சரிசெய்வதுபோல் காலை எடுத்து மேலே வைத்தேன். அப்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கார்த்திகை தீபத்துக்கு வருவதாகச் சொன்னாய். அதுவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வா.

அப்பா