நாலு கலர்ப் பூவும் கருத்த வாழைப்பழமும்

என் மாரிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. முதலில் நான் செய்த குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

உன் பதினாறாம் நாள் முடிந்த வாரம், பின்வாசல் தோட்டத்தில் நீ வைத்த எலுமிச்சை மரத்தைப் பார்த்தேன். தளிரையெல்லாம் பச்சைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. நீதான் போய்விட்டாய், உன் மரமும் போய்விடுமோ என்று பதறி, ஆமத்தூர்க் கடையில் மருந்து வாங்கி வந்து அடித்தேன். மறுநாள் புழுவெல்லாம் சுருண்டு கீழே கிடந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிறு விருதுநகரிலிருந்து நம் மகள் மலர் வந்தாள். கீழே கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அம்மா இந்த மரத்த வச்சதே இதுகளுக்குத்தானப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் புழுதான் வண்ணத்துப்பூச்சி ஆகுமாம். இருபத்தெட்டு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது தெரியவில்லை. சிவகாசி அச்சாபீசே கதி என்று கிடந்தேன். ஊர் உலகமெல்லாம் மாட்டுகிற காலண்டரில் பூவும் பூச்சியுமாக அடித்துத் தள்ளினேன். நம் வீட்டில் என்ன பறக்கிறது என்று ஒருநாளாவது பார்த்தேனா?

அதற்குப் பிறகு மலர் என்னோடு பேசவில்லை. ஞாயிறு தவறாமல் வருவாள். தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்ற காலோடு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவாள். பெற்ற மகள் வாய் திறக்காத வீட்டில் சோறு எப்படி இறங்கும், நீயே சொல்.

எப்படியாவது பூச்சிகளை மறுபடி வரவழைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சீனித் தண்ணீர் வைத்தால் வரும் என்று ஆபீசில் பைண்டிங் பார்க்கும் பெண் போனில் காட்டினாள். தேங்காய்ச் சிரட்டையில் மூன்று துளை போட்டு, நூல் கட்டி, எலுமிச்சைக் கிளையில் தொங்கவிட்டேன். மிஷின் துடைக்கிற ஸ்பாஞ்சில் புதிதாக ஒரு துண்டு வெட்டி, சீனித் தண்ணீரில் நனைத்து உள்ளே வைத்தேன். அதோடு விட்டேனா? முப்பது வருஷ மிஷின்மேன் ஆயிற்றே. நாலு கலரில் ஒரு செம்பருத்தி அடித்து, லேமினேஷன் போட்டு, சிரட்டையைச் சுற்றி ஒட்டினேன். அம்புட்டுப் பளபளப்பு.

எறும்புதான் வந்தது. மஞ்சள் இன்னும் தூக்கலாக இருந்திருக்க வேண்டுமோ என்று மறுபடியும் ஒரு பூ அடித்து ஒட்டினேன். ஆபீசே சிரித்தது.

போன ஞாயிறு மலர் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "படத்தக் காட்டுனா அதுகளுக்குப் பசியாறுமாப்பா? அம்மா கருத்துப்போன வாழப்பழந்தான் வைப்பாங்க, இருந்தா கொண்டாங்க" என்றாள். பழத்தைப் பிசைந்து சிரட்டையில் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து ஒன்று வந்தது. சருகு நிறம். காலண்டருக்கு எவனும் எடுக்க மாட்டான். பழத்தின்மேல் உட்கார்ந்து, பறக்க மனமில்லாமல் குடித்துக்கொண்டே இருந்தது.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும், மாரி. கூட இருந்த காலத்தில் ஒருதரமும் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்ததையெல்லாம் மகளுக்குச் சொல்லிவைத்துப் போயிருக்கிறாய். அதனால்தான் இப்போதாவது என் காதுக்கு எட்டுகிறது. நீ இன்னும் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தாய்? அவளிடம் கேட்டால் சொல்லுவாளா?

மரம் மறுபடி துளிர்த்திருக்கிறது. இனி எந்தப் புழு வந்தாலும் வயிறாரத் தின்னட்டும். மரம் குச்சியாக நின்றாலும் மருந்தைக் கையால் தொட மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அன்றைக்கு மலர் பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸையும் விட்டாள். உள்ளே போய்த் தூக்குவாளியைத் திறந்தபடி சொன்னாள்:

"ரெண்டு தட்டு எடுங்கப்பா. நானும் இங்கனயே சாப்பிடுறேன்."

இப்படிக்கு,
மலரின் அப்பா,
உன் வீட்டுக்காரன்.