சீதா அண்ணி வீட்டு டிவியில் முருகன்

கிள்ளான்
12.10.2023

அன்பும் மரியாதையும் உள்ள சீதா அண்ணிக்கு,

இங்கே நானும் உங்கள் தம்பியும் அவருடைய இருமலும் சௌக்கியம். போனில் பேசினால் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் மூன்று சொல்லிவிடுவீர்கள். வாட்சாப்பில் எழுதினால் கண்ணாடி போடாமல் மேல் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவீர்கள். அதனால்தான் காகிதம். உங்கள் தம்பி தினமும் பூச்சோங்குக்குத்தானே வேலைக்கு வருகிறார், கொண்டுவந்து கொடுப்பார். நம் இரண்டு பேர் விஷயத்தில் அவர் தபால்காரர் மட்டும். அபிப்பிராயம் கிடையாது.

தீபாவளிக்கு உங்கள் பிள்ளை கிஷன் மெல்போர்னிலிருந்தே உங்களுக்கு டிவி வாங்கித் தருகிறான், எது நல்லது என்று பார்த்துச் சொல் என்றீர்கள். பார்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். வாரண்டி காகிதத்தைக் கேட்டால், "அதெல்லாம் யாரு படிக்கிறாங்க லா ஆன்டி" என்றார் கடைக்காரர். நான் படிப்பேன், கொடுங்கள் என்று வாங்கி, நின்றபடியே கடைசி வரி வரை படித்தேன்.

விஷயம் இதுதான். சாதாரண எல்இடி டிவி என்றால், திரைக்குப் பின்னால் விளக்கு வைத்திருக்கிறார்கள். போனால் பெரும்பாலும் அந்த விளக்குப் பட்டைதான் போகும், மாற்றிக்கொள்ளலாம். எங்கள் டிவிக்குள் பல்லி புகுந்து போர்டு கருகியபோதுகூட ரிப்பேர்க்காரர் அரை நாளில் சரிசெய்து கொடுத்தார். இன்றைக்கும் ஓடுகிறது. க்யூஎல்இடி என்று பெரிய பெயர் போட்டு விற்பதும் அதே குடும்பம்தான், நிறத்துக்காக நடுவில் ஒரு தாள் கூடுதல். மினி எல்இடியில் அந்தப் பின்விளக்கையே பொடிப்பொடியாக நிறைய வைத்திருக்கிறார்கள். கறுப்பு நன்றாக வரும். இருட்டில் வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் புகை மாதிரி தெரியும், அவ்வளவுதான் குறை.

ஓஎல்இடி வேறு ரகம். அதில் பின்விளக்கே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. படம் என்றால் படம் அண்ணி, பொய் சொல்ல மாட்டேன், கடையில் நானே வாயடைத்து நின்றேன். ஆனால் தானே எரிவது தானே தேயும். ஒரே படத்தை நாளெல்லாம் அசையாமல் வைத்திருந்தால் அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து, படத்தின் தடம் திரையிலேயே தங்கிவிடும். நான் படித்த காகிதத்தில் அதற்கு வாரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நீங்களோ காலையில் யூடியூபில் முருகன் பாட்டைப் போட்டால், அந்த ஒரே படம் படுக்கப் போகும்வரை நிற்கும். உங்கள் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டவே வேண்டாம். மினி எல்இடி வாங்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய பாதி விலை, நீங்கள் பார்க்கிற விதத்துக்கு இரட்டிப்பு ஆயுசு.

உங்கள் தம்பி மனைவி
தாமரை

பூச்சோங்
20.11.2023

என் அன்புத் தாமரை,

கோபப்படாதே. கிஷன் ஓஎல்இடியே வாங்கி அனுப்பிவிட்டான். உன் கடிதத்தை போனில் வாசித்துக் காட்டினேன். "அத்தை ரொம்ப ஆராய்ச்சி லா அம்மா, அவங்கள விடுங்க. உங்களுக்கு பெஸ்ட்தான் வேணும்" என்றான். பிள்ளை ஆசையாக வாங்கித் தருவதை எப்படி வேண்டாம் என்பேன்? இந்தத் தீபாவளிக்கும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பெரிய அளவாக வாங்கினான்.

நீயும் ஒருநாள் வந்து பார். முருகன் முகம் சுவர் அளவுக்கு நிற்கிறது. வேலில் இருக்கும் கல்லை எண்ணலாம். கடையில் இருந்த அதே பிரகாசத்தில் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அவரிடம்தான் முதலில் பேசுகிறேன். என் வீட்டுக்காரர் காலமானபிறகு இந்த வீட்டில் நான் வாய் திறப்பது அந்த ஒரு நேரம்தான்.

மின்னலுக்குப் பயந்து ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். அந்த விஷயத்தில் உன்னைவிட நான் கவனம்.

உன் நாத்தனார்
சீதாலெட்சுமி

கிள்ளான்
22.7.2024

அண்ணிக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கோயில் மாதர் வாட்சாப் குழுவில் இன்று காலை ஒரு படம் வந்தது. 'பூச்சோங்கில் அற்புதம், டிவியில் நிலைத்து நின்ற முருகன், பத்து பேருக்கு அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தது. என்னோடு பூக்கட்டும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் படத்தின் ஓரத்தில் இருந்த ஜன்னல் திரையைப் பார்த்தேன். அந்தத் திரை நான் உங்களுக்குத் தைத்துக் கொடுத்தது.

செய்தி போட்டாலும் வேல் தெரிகிறதாம், பந்தாட்டம் போட்டால் புல்தரை நடுவே கிரீடம் தெரிகிறதாம். தெரியாமல் என்ன செய்யும்? நான் போன வருஷமே எழுதினேனே! ஒன்பது மாதம், காலையிலிருந்து இரவு வரை, கடைப் பிரகாசத்தில் ஒரே படம். அது மட்டும் இல்லை. ஓஎல்இடி டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு விட்டால், அது கொஞ்ச நேரம் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும். நீங்கள் ராத்திரி பிளக்கையே பிடுங்கினால் பாவம் அது எப்போது செய்யும்? மின்னல் அடிக்கும்போது பிடுங்க வேண்டியதுதான். தினமும் எதற்கு?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்கம் கீழ் மூலையில் மங்கலாக, நீளமாக ஒரு தடம் இருக்கிறது. அது யூடியூப்காரன் வைத்த சப்ஸ்கிரைப் பொத்தான். முருகன் காட்சி கொடுத்தால் சப்ஸ்கிரைப் பொத்தானையும் கூடவா கூட்டிக்கொண்டு வருவார்?

இதில் கமலநாதன் வேறு. உங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் என்றால் சாக்கடை அடைத்தால் வரவேண்டும். அவர் உங்கள் ஹாலில் உண்டியல் வைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார். நாற்பது வருஷமாக வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள் நான். நம்பிக்கை இல்லாமல் பேசவில்லை அண்ணி, நம்பிக்கை இருப்பதால்தான் வயிறு எரிகிறது. ரிப்பேரான சாமானைக் கடவுள் என்று காட்டிக் காசு வாங்குவது எந்த ஆகமத்தில் இருக்கிறது?

உண்டியலை எடுங்கள். வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் வெறும் படம் ஒன்றைத் திரை முழுக்கப் போட்டுக் காட்டினால் பொத்தான் எல்லோருக்கும் தெரியும்.

தாமரை

பூச்சோங்
26.7.2024

தாமரைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானம் சாப்பிடவில்லை. தெரிந்துகொள்.

விரதம் நீ ஒருத்திதான் இருக்கிறாயா? காவடி உன் வீட்டில்தான் எடுத்தார்களா? உன் வீட்டு ஹாலில் வந்திருந்தால் இந்நேரம் நீயே கூடாரம் போட்டிருப்பாய். என் ஹாலில் வந்ததால் அது ரிப்பேர். சாமியை ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கழற்றிப் பார்க்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

உண்டியல் நான் கேட்டு வைத்தது இல்லை. கமலநாதன் கொண்டுவந்தார். "சீதாம்மா, ஜனங்க ஆசையா குடுக்கிறாங்க, நம்ம தடுக்கக் கூடாது" என்றார். அதில் ஒரு காசு நான் தொடவில்லை. வருகிறவர்களுக்குத் தேநீர் என் கையால் போட்டுக் கொடுக்கிறேன். செராஸிலிருந்து வருகிறார்கள், பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

பொத்தானும் இல்லை ஒன்றும் இல்லை. உனக்குத்தான் எங்கே பார்த்தாலும் குற்றம் தெரியும். நேற்று எடுத்த படம் ஒன்று என் தம்பி போனுக்கே அனுப்பியிருக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்.

சீதாலெட்சுமி

கிள்ளான்
30.7.2024

அண்ணி,

துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

வலது கீழ் மூலையில் மட்டும் மல்லிகைச் சரம் தொங்குகிறது. சாமி படத்துக்கு மாலை போடுகிறவர்கள் மேலே நடுவில் போடுவார்கள், இரண்டு பக்கமும் சமமாக விடுவார்கள். கீழ் மூலையில் டேப் ஒட்டித் தொங்கவிட்டதை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. எதற்காக அங்கே, அண்ணி? எதை மூடுவதற்கு?

நீங்கள் அறியாமல் ஏமாந்தீர்கள் என்றுதான் இதுவரை நினைத்தேன். கமலநாதன் மேலே கோபம், அத்தனை தூரத்திலிருந்து டிவியை அனுப்பினால் கடமை முடிந்தது என்று இருக்கிற கிஷன் மேலே கோபம். உங்கள் மேலே பரிதாபம்தான் இருந்தது. இப்போது அது இல்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்தே பூவால் மூடியிருக்கிறீர்கள்.

பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் வெயிலில் நின்று, வியர்வையோடு கையில் எலுமிச்சம்பழம் பிடித்து வருகிறார்கள். அவர்களை நினைத்தாவது உங்களுக்கு உறுத்தவில்லையா? யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், மறுபடி எடுக்க மனசு வரவில்லை.

உங்கள் தம்பி, "பாவம், அக்கா தனியா இருக்கு, விட்டுடேன்" என்றார். அபிப்பிராயம் சொல்லாத மனிதர் சொன்ன முதல் அபிப்பிராயம் இது. நான் விடுவதாக இல்லை. இந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் இருக்கும்போது நீங்களே சொல்லுங்கள். நான் வந்து சொன்னால் உங்களுக்கு அவமானம், அதனால் வரமாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லாதவரை அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன். தீபாவளியானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி.

தாமரை

பூச்சோங்
3.8.2024

தாமரை,

சொல்லிவிட்டேன்.

பொத்தானை நான் முதல் நாளே பார்த்தேன். நீ எழுதியதும் ஞாபகம் இருந்தது. எதிர்வீட்டுப் பெண்தான் முதலில் பார்த்துக் கும்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என் வீட்டுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். அது வெறும் தேய்மானம் என்று அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை. மறுநாள் நாலு பேரோடு வந்தாள். அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை. நீ கணக்குப் போடுகிறவள், உனக்கு இது புரியாது. வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது, அவ்வளவுதான்.

நேற்று பூவைப் பிய்த்துவிட்டுச் சாம்பல் நிறப் படத்தைப் போட்டேன். எல்லோருக்கும் பொத்தான் தெரிந்தது. நீ எழுதியதை அப்படியே சொன்னேன், புள்ளி தேய்வது, பிளக்கைப் பிடுங்கியது எல்லாம். கமலநாதன் முகம் கறுத்துப்போனது. "என் பேரக் கெடுத்துட்டீங்க சீதாம்மா" என்றார். எல்லோரும் பார்க்க உண்டியலை உடைத்துப் பணத்தைக் கோயிலுக்கு என்று எழுதி வைத்தோம். எதிர்வீட்டுப் பெண் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இன்று காலை குப்பை போட வந்தவள் என்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நீ கேட்டது நடந்துவிட்டது, உனக்குத் திருப்திதானே.

ஆனால் ஒன்று. பந்திங்கிலிருந்து நல்லம்மாள் என்று ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டு வாரமாக வருகிறவர். மகளுக்கு நெஞ்சில் ஆபரேஷன் வைத்திருக்கிறார்களாம், அதற்காகத் திரைக்கு முன்னால் மணிக்கணக்கில் கண்மூடி உட்கார்ந்திருப்பார். எல்லோரும் போனபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"அப்போ நான் இத்தனை நாளு வேண்டிக்கிட்டது யார்கிட்டம்மா? அது போய்ச் சேரலையா?"

தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார், போய்விட்டார். அடுத்த வெள்ளியும் வருகிறேன் என்றார். இந்த வீட்டில் இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் வருகிறாராம்.

திரையைப் பற்றியும் தெரிந்தவள் நீ, விரதம் இருப்பவளும் நீ. உண்மையைச் சொல்லச் சொன்னவளும் நீதான். வந்து நீயே அந்த அம்மாவுக்குப் பதில் சொல்.

சீதாலெட்சுமி

கிள்ளான்
5.8.2024

அண்ணி,

நேற்று முழுக்க அந்த அம்மாவுக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். வேண்டுதல் திரைக்குப் போகவில்லை, போக வேண்டியவருக்குத்தான் போனது என்று எழுதினேன். எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கிழித்துவிட்டேன்.

உங்கள் மேலே கோபம் இன்னும் தீரவில்லை. என் மேலேயும் இப்போது கொஞ்சம் இருக்கிறது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

வியாழக்கிழமை சாயங்காலமே வருகிறேன், இரவு உங்களோடு தங்குகிறேன். எனக்கென்று தனியாக எதுவும் சமைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நானும் நீங்களும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, அந்த அம்மா வருவதற்குள் பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவருடைய போன் நம்பர் இருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு மகளின் பெயரும் நட்சத்திரமும் கேட்டு வையுங்கள்.

தாமரை