பூந்திக்கு ஓவர்ஹால்

8 ஜூன் 2025, ஞாயிறு

காலையில் அமுதாவை மதுரைக்கு ரயிலேற்றிவிட்டேன். டயாலிசிஸ் பிரிவுக்கு நர்ஸ்களைத் தயார் செய்யும் பன்னிரண்டு வாரப் பயிற்சி. ஆகஸ்ட் 31 வருவாள். அதுவரை இந்த மலையாள ஊரில், மட்டாஞ்சேரி மாடி வீட்டில் நானும் பூந்தியும்.

பூந்தி நாய். லாசா அப்சோ, ஐந்து வயது, தரையைப் பெருக்கும் நீளத்துக்கு முடி. கல்யாணத்தில் பீரோ, ஃபிரிட்ஜ், பூந்தி என்ற வரிசையில் அமுதாவோடு வந்தது. முதல் இரண்டுக்கும் தினசரிப் பராமரிப்பு கிடையாது.

ரயில் நகரும்வரை ஜன்னல் வழியாகப் பாடம். "தினம் இருவது நிமிசம் சீப்பு போடணும். முதல்ல சீப்பு, அப்புறந்தான் தண்ணி. மறந்துராதீய." மூன்று முறை சொன்னாள். டீசல் இன்ஜினைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு நாய்க்குத் தலை வாரத் தெரியாதா என்றேன்.

"தெரியும். பொறுமைதான் கெடையாது. இனிமே எனக்கு டூட்டி மாறி மாறி வரும், அது உங்க கையிலதான் கெடக்கணும். நான் வரும்போது உங்களப் பாத்து பயந்து நின்னுச்சுன்னா, கோவில்பட்டியில அக்காகிட்ட குடுத்துருவேன். அவ கேட்டுக்கிட்டேதான் இருக்கா."

கொடுத்தால் எனக்கு நல்லதுதான். ஆனால் 'பொறுமை கெடையாது' என்றது பெட்டி முழுக்கக் கேட்டது. எதிர் சீட்டுக்காரர் தலையை வேறு ஆட்டினார். அதை அப்படியே விட முடியாது.

12 ஜூன், வியாழன்

ட்ராலிங் தடை தொடங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு நாள் மீன்பிடி போட்டுகள் கடலுக்குப் போகாது. இன்ஜினைக் கழற்றிக் கழுவிப் பூட்டும் வருடத்து ஓவர்ஹால் எல்லாம் இப்போதுதான். தோப்பும்படி ஒர்க்ஷாப்பில் நான்கு இன்ஜின்கள் தரையில் கிடக்கின்றன.

எண்பத்து நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம் — இருபத்தெட்டு மணி நேரம்! அந்த நேரத்தில் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை இறக்கி ஏற்றிவிடலாம். முடிவு: தினசரி சீப்பு ரத்து. மாதக் கடைசியில் பூந்திக்கும் மொத்தமாக ஒரு ஓவர்ஹால்.

19 ஜூன், வியாழன்

வீடியோவில் அமுதா: "சீப்பு போட்டீயளா?" "ம்." பொய் இல்லை. என் தலைக்குப் போட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

மழை விடவில்லை. காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் முடி உருண்டை கட்டியிருக்கிறது. நாய் நாள் முழுக்கக் காதைச் சொறிகிறது. லாசாக்களுக்குப் பொழுதுபோக்கு அதுவாக இருக்கலாம்.

29 ஜூன், ஞாயிறு

ஓவர்ஹால் நாள்.

எங்கள் ஒர்க்ஷாப் சுவரில் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம்: முதலில் கழுவு, பிறகு கழற்று. அழுக்கோடு இன்ஜினைத் திறந்தால் மண் உள்ளே போகும். ஆறு வருடமாக நான் மீறாத ஒரே விதி. அமுதா சொன்னது நேர்மாறு. அவள் நர்ஸ், மெக்கானிக்கல் டிப்ளமோ நான். யார் சொல்வதைக் கேட்பது?

பாத்திரம் துலக்கும் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினேன். கிரீஸை எடுக்கும், நாயை எடுக்காதா? எடுத்தது. பளபளவென்று இருந்தது. துடைத்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தேன்.

உலர உலர ஒவ்வொரு உருண்டையும் இறுகியது. ஒரு மணி நேரத்தில் முதுகு முழுக்க ஒரே தகடு, கம்பளி மாதிரி. சீப்பின் பல் உள்ளே இறங்கவே இல்லை. இறங்காத இடத்தில் என்ன செய்வோம்? கொஞ்சம் பலம் கொடுப்போம். கொடுத்தேன். சீப்பில் இரண்டு பல் போயிற்று. காதுப் பக்கம் இழுத்தபோது பூந்தி கத்திய கத்தலில், கீழே முடி வெட்டும் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் சோப்பு நுரைக் கையோடு மாடிக்கு ஓடி வந்தான்.

"எடா பாண்டி, இது பட்டியோ சவிட்டியோ?" பாண்டி தமிழன், பட்டி நாய், சவிட்டி கால்மிதி. "சீப்பு போடாம வெள்ளத்தில முக்கினியா? சடை வெள்ளம் கண்டா பின்னெ பிரியில்ல மோனே. பொண்ணுங்க முடியும் அப்படித்தன்னே. உனக்குக் கல்யாணம் கழிஞ்சதல்லே?"

அவன் டிரிம்மரைக் கேட்டேன். "பட்டிக்கு வெச்ச மெஷின்னு தெரிஞ்சா என் கடைக்கு ஆரு வரும்?" என்று இறங்கிப் போய்விட்டான்.

என் கட்டை விரலில் இரண்டு பல் தடம். ஆழமில்லை. எச்சரிக்கை மட்டும்.

30 ஜூன், திங்கள்

வீடியோவில் பூந்தியின் மூக்கை மட்டும் காட்டினேன். நெட் சரியில்லை என்றேன்.

6 ஜூலை, ஞாயிறு

டிரிம்மர் வாங்கியாயிற்று. இடது பக்கத்தில் தொடங்கினேன். தகடு ஒரே துண்டாகக் கழன்று வந்தது. தச்சன் இழைப்புளி ஓட்டின மாதிரி. உள்ளே இருந்தது பாதி அளவு நாய். வேலை நன்றாகப் போனது என்று எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

இடது காதுக்குப் பின்னால் உருண்டையை வெட்டி எடுத்ததும் நாற்றம். ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் புண். ஈரம் உள்ளேயே நின்று தோல் வெந்துபோயிருக்கிறது. இன்று வந்ததல்ல, இரண்டு வாரமாவது இருக்கும்.

ஏன்டா சொல்லல? நாயிடம் கேட்கிறேன். சொல்லத்தான் செஞ்சுது. சொறிஞ்சு சொறிஞ்சு சொல்லுச்சு. போன ஞாயிறு கத்துன கத்தும் அதுதான். நான் அதுக்குப் பொழுதுபோக்குன்னு பேர் வெச்சேன். இன்ஜினில் ஒரு சின்ன டிக் சத்தம் வந்தால் எந்த வால்வ் என்று சொல்கிறவன் நான். பேரு பெரிய டெக்னீஷியன்.

டிரிம்மர் சத்தத்தில் கை நழுவிய ஒரு நொடியில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இடது பக்கம் மொட்டை, வலது பக்கம் கால்மிதி. வெளியே வரவில்லை.

7 ஜூலை, திங்கள்

சுள்ளிக்கலில் டாக்டர் ஸாதனாவிடம் காட்டினேன். பூந்தியை ஒரு முறை பார்த்தார், என்னை இரண்டு முறை.

"குளிப்பிச்சிட்டு சீப்பு போட்டீங்களா?"

"ஆமா."

"இன்ஜினியரா?"

"டிப்ளமோ."

"ம். தெரியுது."

மீதிப் பாதியை அங்கே உதவிக்கு இருந்த பெண் பத்தே நிமிடத்தில் எடுத்தாள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. நாய் அசையவில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றது.

மருந்து காலையிலும் மாலையிலும். ஒரு மாதம்.

9 ஜூலை, புதன்

மொட்டை நாய் மழையில் நடுங்குகிறது. என் பழைய யூனிஃபார்ம் சட்டையைக் கத்தரித்துப் போட்டுவிட்டேன். முதுகில் 'மரைன் டீசல் சர்வீஸ்' என்று இருக்கிறது. அதில் சர்வீஸ் மட்டும் பொய்.

11 ஜூலை, வெள்ளி

வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது பூந்தி குறுக்கே நடந்தது.

"அது எதுக்கு உங்க சட்டையப் போட்டிருக்கு?"

"மழை."

"லாசாவுக்கு மழையில குளிருமா?"

"மொட்டைக்குக் குளிரும்."

வேறு எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு, தகடு, புண். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். "நான் மூணு தடவ சொன்னேன்" என்றாள். "அக்காவையும் கூட்டிக்கிட்டு வாறேன். அவ கொண்டு போகட்டும். அதுவரைக்கும் எனக்கு அதக் காட்டாதீய, பாக்க முடியாது."

சரி. ஒரு வேலை குறைந்தது.

12 ஜூலை, சனி

அமுதாவின் அக்கா, மதினி இசக்கிசெல்வி, பூந்தியைக் கொண்டுபோக மூடி வைத்த மூங்கில் கூடை வாங்கிவிட்டாளாம். இதில் மட்டும் எல்லோரும் வேகம்.

மருந்து இரண்டு முறை போட்டேன். மூன்றாவது முறை சும்மா பார்த்தேன்.

16 ஜூலை, புதன்

புண் ஆறுகிறது. நாய் ஆறவில்லை. மருந்து போட ஒவ்வொரு முறையும் துண்டில் சுற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விட்டதும் கட்டிலடி. நான் அறையில் இருந்தால் சாப்பிடுவதில்லை. இன்று டூல் பேக்கின் ஜிப்பைத் திறந்தேன், டிரிம்மர் மாதிரிக் கேட்ட அந்தச் சத்தத்துக்கே மூத்திரம் போய்விட்டது. தரையைத் துடைத்தேன். திட்டவில்லை. யாரைத் திட்ட?

20 ஜூலை, ஞாயிறு

ஞாயிறும் வேலை. ஓவர்ஹால் முடிந்த இன்ஜின்களைப் படகுத் துறையில் ஓட விட்டோம். சும்மா, மெதுவாக, சுமை இல்லாமல். புதிதாகப் பூட்டியதை முதல் நாளே விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். "எலேய், ஐடில்ல ஓட விடுல! அதுவா சூடாகட்டும்!" என்று துறை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

கத்திவிட்டு அப்படியே நின்றேன்.

சாயங்காலம் டிரிம்மரை ஆன் செய்து, துணியில் பொதிந்து, அறை மூலையில் வைத்தேன். பக்கத்தில் நான் சப்பணம் போட்டு உட்கார்ந்து துறைமுகத்தில் வாங்கிய உலர்ந்த இறால் தின்றேன். பூந்தியின் பக்கம் திரும்பவில்லை. தூரத்தில் இரண்டு இறால் போட்டேன். அரை மணி நேரம். ஒன்றும் செய்யாமல் உட்கார்வது இவ்வளவு கஷ்டமா? இடுப்பு போய்விட்டது.

தூரம்: பன்னிரண்டு அடி. (டேப் வைத்து அளந்தேன்.)

21 ஜூலை, திங்கள்

பன்னிரண்டு.

23 ஜூலை, புதன்

பன்னிரண்டு. இறால் கிலோக் கணக்கில் போகிறது. பாதி நான்.

26 ஜூலை, சனி

ஒன்பதே கால்!

31 ஜூலை, வியாழன்

தடை முடிகிறது. போட்டுகள் ஐஸ் ஏற்றிப் புறப்படத் தயார். ஒர்க்ஷாப்பில் பிரியாணி, நான் ஆறு மணிக்கே கிளம்பினேன். 'வீட்டுல ஒரு இன்ஜின் ரன்னிங்கில இருக்கு' என்றேன். நம்பினார்கள்.

மூன்று அடி.

6 ஆகஸ்ட், புதன்

காது முழுக்க ஆறிவிட்டது. இனி மருந்து வேண்டாம் என்றார் டாக்டர். ஆறரை மணிக்கு வழக்கம்போல உட்கார்ந்தேன். பூந்தி வந்து, இறாலை மோந்து, அதை விட்டுவிட்டு என் முழங்காலில் காதைத் தேய்த்தது. இடது காதை.

மருந்து இல்லாத விரலால் சும்மா தடவிக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

விடுமுறை. ஓடுகிற டிரிம்மரின் பின்பக்கத்தை அதன் முதுகில் வைத்தேன். பிளேடு இல்லை, அதிர்வு மட்டும். ஓட ஓட அது சுடும் என்பதால், முதலில் என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டேன். ஜூலையில் பார்த்திருக்க வேண்டியது. நடுங்கியது, ஆனால் ஓடவில்லை. நானும்தான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

முடி அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது. சீப்புக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தினம் ஆறரைக்கு, ஜன்னலுக்குக் கீழே, இருபது நிமிடம். இடது பக்கம் முடிந்ததும் அதுவே புரண்டு வலது பக்கத்தைக் காட்டுகிறது.

இஸ்மாயில் எட்டிப் பார்த்தான். "முடியில்லாத பட்டிக்கு எந்தினாடா சீப்பு?"

"முடி வந்தப்புறம் ஆரம்பிச்சா லேட்டு."

"நீயா இது சொல்றது? படச்சோனே!" சிரித்துக்கொண்டே போனான். போனவன் திரும்பி வந்து, பல் நெருக்கமான ஒரு சீப்பு கொடுத்தான். புதுசு. கடைக்கு வாங்கியதில் மிச்சமாம்.

30 ஆகஸ்ட், சனி

நாளை வருகிறார்கள். மதினி போகிறபோது தேவைப்படும் என்று ஒரு தாள் எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை, எந்த இயந்திரத்தையும் கைமாற்றும்போது கொடுக்கிற குறிப்புதான். இரண்டு பக்கம் வந்துவிட்டது. தாளையும் சீப்பையும் இறால் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டுக் கதவில் மாட்டினேன்.

ஆறரைக்கு இருபது நிமிடம். பிறகு இன்னொரு இருபது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மதியம் வந்தார்கள். பூந்தி அமுதாவைக் கண்டதும் சுற்றிச் சுற்றி ஓடி, குரைத்து, மடியில் ஏறிப் படுத்ததுதான். நான் ஒருவன் அந்த வீட்டில் இருந்த ஞாபகமே அதற்கு இல்லை. பன்னிரண்டு அடியிலிருந்து கொண்டுவந்த நன்றிகெட்ட ஜென்மம்.

அமுதா காதைத் திருப்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் முடி இன்னும் வெள்ளையாகத்தான் முளைக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பையை மதினியிடம் கொடுத்தேன். அவள் தாளைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். "ஒன்று. முதலில் சீப்பு, பிறகுதான் தண்ணீர். ஒருபோதும் மாற்றக் கூடாது." அதன் கீழே நான் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

அமுதா சீலிங்கைப் பார்த்தபடி சொன்னாள்: "இத எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

மதினி முழுவதையும் படித்தாள். டிரிம்மரை முதலில் கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும், ஜிப் சத்தம் கேட்கக் கூடாது, வலது பக்கத்துக்கு நாமாகப் புரட்டக் கூடாது, அதுவே புரளும். "தம்பி, இது நாயா, வெடிகுண்டா?" என்றாள். சாயா குடித்தார்கள். ஊர்க் கதை பேசினார்கள். கூடை கதவருகே திறந்து கிடந்தது. நான் உள்ளே போய், இல்லாத வேலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்கு மதினி, "ஏட்டி அமுதா, இது எங்க போகுது?" என்றது கேட்டது. வெளியே வந்தேன். பூந்தி அமுதாவின் மடியிலிருந்து இறங்கி, கூடையைச் சுற்றிக்கொண்டு போய், ஜன்னலுக்குக் கீழே இடது பக்கம் மேலே இருக்கும்படி படுத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

"டூட்டிக்கு வந்துருக்கோ?" என்றாள் மதினி.

பையிலிருந்து சீப்பை எடுத்துப் போய் உட்கார்ந்தேன். இடது பக்கம் முடிந்தது. புரண்டது. வலது பக்கம். அமுதா இருபது நிமிடமும் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

சீப்பு இருபது நிமிடம். காது சரி. அமுதாவுக்கு மாலை டூட்டி. மதினி முந்தாநாள் ஓணச் சாப்பாடு முடித்துக் கோவில்பட்டிக்குப் போய்விட்டாள், வெறுங்கையோடு. கூடையில் வெங்காயம் போட்டிருக்கிறோம். காற்றோட்டம் நன்றாக இருக்கிறது.